வராமலிருக்க 22,500 லிரா: அல்ஃப்ரெதோ பிந்தாவுக்கு ஏன் பணம் கொடுத்தார்கள்?

2024 ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் ததேய் பொகாச்சார் 6 கட்டங்களை வென்றார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே கிட்டத்தட்ட 10 நிமிட இடைவெளி. "ஒரே ஆள் இப்படி வழித்து எடுத்துக்கொண்டு போனால் மற்றவர்கள் எதற்கு?" என்ற முணுமுணுப்பு அன்றிலிருந்து ஓயவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய கதையும் சுற்றுகிறது. 1930-ல் ஒரு வீரருக்கு, பந்தயத்துக்கு வராமலிருக்கச் சொல்லி, பந்தயம் நடத்துபவர்களே பணம் கொடுத்தார்களாம்.

கொடுத்தது உண்மை. வாங்கியவர் அல்ஃப்ரெதோ பிந்தா, தொகை 22,500 லிரா. ஆனால் வாய்க்கு வாய் மாறி, கதை இரண்டு விதமாகத் திரிந்துவிட்டது. சிலர் இதை மேட்ச் ஃபிக்ஸிங் வகையில் சேர்க்கிறார்கள். வேறு சிலர், மாபெரும் வீரருக்குக் கிடைத்த விநோதமான மரியாதை என்று சிலாகிக்கிறார்கள். இரண்டும் பொருந்தாது. அது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போட்ட விற்பனைக் கணக்கு. அந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் அன்றைய பந்தயம் எப்படி நடந்தது, யார் நடத்தினார்கள், யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. கட்டம்: ஜிரோ ஒரே நாளில் முடிகிற பந்தயமல்ல. ஊரிலிருந்து ஊருக்கு, நாளுக்கு ஒன்றாகப் பல ஓட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். 1920-களில் ஒரு கட்டம் 250, 300 கிலோமீட்டர் நீள்வது சகஜம். சாலை பெரும்பாலும் சரளை, காய்ந்தால் புழுதி, நனைந்தால் சேறு.

2. மொத்த நேரம்: எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவரே சாம்பியன். ஆரம்ப காலத்தில் ஜிரோவில் இடத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1914 முதல் நேரக் கணக்கு வந்தது. இதனால் நிறையக் கட்டங்களை வென்றவர் தோற்பதும், ஒன்றே ஒன்றை வென்றவர் பட்டம் பெறுவதும் சாத்தியமாயிற்று.

3. ஒருநாள் பந்தயம்: மிலான்–சான் ரெமோ, ஜிரோ டி லொம்பார்டியா போன்றவை. காலையில் கிளம்பி மாலையில் முடியும். அன்றைக்கு யார் முதலில் வருகிறாரோ அவருக்கே வெற்றி.

4. கிரெகாரியோ: அணித் தலைவருக்காக உழைக்கும் துணை வீரர். காற்றை மறைத்து முன்னால் ஓட்டுவார், தண்ணீர் கொண்டுவருவார், தலைவரின் டயர் பஞ்சரானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார்.

5. தனியர்: அணி இல்லாமல் சொந்தப் பொறுப்பில் ஓட்டுபவர். கட்டம் முடிந்த பிறகு படுக்க இடமும் சாப்பாடும் தானே தேடிக்கொள்ள வேண்டும். அன்றைய ஜிரோவில் இவர்கள்தான் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள்.

பந்தயம் யாருடையது?

ஜிரோவை 1909-ல் தொடங்கியது மிலானின் கஸ்ஸெட்டா டெல்லோ ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகை. இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் பத்திரிகை அது. நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை: பத்திரிகை விற்க வேண்டும். தொலைக்காட்சி கிடையாது, வானொலியும் வீடுவீடாக வந்திருக்கவில்லை. நேற்று மலையில் யார் முந்தினார், யார் விழுந்தார் என்று தெரிய வேண்டுமானால் காலையில் காசு கொடுத்து அந்த இளஞ்சிவப்புத் தாளை வாங்க வேண்டும். சாலையோரம் நின்று பார்த்தவருக்கும் புழுதியில் நாற்பது ஐம்பது பேர் கடந்துபோனது மட்டுமே தெரிந்திருக்கும். என்ன நடந்தது என்பதை அவரும் மறுநாள் படித்தே தெரிந்துகொண்டார்.

வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது பத்திரிகையல்ல, சைக்கிள் தொழிற்சாலைகள். லெஞ்ஞானோ, பியாங்கி, மாயினோ போன்ற கம்பெனிகள் அணி வைத்திருந்தன. தங்கள் வண்டியில் ஓட்டியவர் ஞாயிற்றுக்கிழமை வென்றால் திங்கட்கிழமை கடையில் அந்த வண்டி விலைபோகும்.

ஆக, ஒரே பந்தயத்தில் இரண்டு முதலாளிகள். தொழிற்சாலைக்குத் தன் ஆள் ஜெயிக்க வேண்டும். எவ்வளவு ஜெயித்தாலும் நல்லதுதான். பத்திரிகைக்கு யார் ஜெயிக்கிறார் என்பது முக்கியமல்ல, ஜெயிப்பது யார் என்று கடைசி நாள் வரை தெரியாமலிருப்பதுதான் முக்கியம்.

இந்த இழுபறி 1924-லேயே வெடித்தது. பங்கேற்கவே பணம் வேண்டும் என்று பெரிய அணிகள் கேட்டன, நடத்துபவர்கள் மறுத்தார்கள். அன்றைய உச்ச நட்சத்திரம் கோஸ்தாந்தே ஜிரார்தெங்கோ உட்படப் பெரிய பெயர்கள் வரவில்லை. தனியர்களைக் கொண்டே பந்தயத்தை ஒப்பேற்றினார்கள். அல்ஃபொன்சினா ஸ்த்ராதா என்ற பெண் ஜிரோவில் ஓட்டியது அந்த ஆண்டுதான்; நட்சத்திரங்கள் இல்லாத குறையை ஒரு பரபரப்பால் ஈடுகட்ட வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். வருவதற்குப் பணம் தர முடியாது என்று 1924-ல் பிடிவாதம் பிடித்தவர்கள், ஆறு ஆண்டில் வராமலிருக்கப் பணம் தந்தார்கள். இடையில் நடந்ததன் பெயர்தான் பிந்தா.

பூச்சு வேலைக்காரர்

பிந்தா 1902 ஆகஸ்ட் 11 அன்று இத்தாலியின் வடக்கே, வரேசே மாகாணத்தின் சித்தீலியோ ஊரில் பிறந்தார். பதினான்கு பிள்ளைகளில் பத்தாமவர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, பிழைப்புத் தேடி எல்லை தாண்டி பிரான்ஸின் நீஸ் நகருக்குப் போனார். அங்கே உறவினரிடம் சுவர்ப்பூச்சு வேலை. ஓய்வு நேரத்தில் கார்னெட் ஊதுவார். பின்னாளில் 'சித்தீலியோவின் எக்காளக்காரர்' என்று பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

1921-ல் நீஸில் பந்தயங்களில் இறங்கினார். நகருக்குப் பின்னால் மலை ஏறிக்கொண்டே போகும் வட்டாரம் அது. 1923-ல் மோன் ஷோவ் என்ற மலை வரை ஏறும் பந்தயத்தில் ஜிரார்தெங்கோவையே பின்னுக்குத் தள்ளினார். இத்தாலியச் சாலைகளில் அதுவரை பெயர் கேள்விப்படாத பையன்.

1924 இலையுதிர் காலத்தில் ஜிரோ டி லொம்பார்டியாவுக்கு வந்தார். பட்டம் வெல்ல வரவில்லை. கோமோ ஏரிக்கு மேலே கிஸால்லோ என்ற மலைச்சாலை உண்டு. உச்சியில் சின்ன மாதா கோயில். அந்த உச்சியை முதலில் தொடுபவருக்கு 500 லிரா. அந்த 500-தான் அவர் குறி. உச்சிக்கு முதல் ஆளாக ஏறினார், பணத்தைச் சம்பாதித்தார், பந்தயத்திலும் நான்காவதாக வந்தார். லெஞ்ஞானோ அணியை நடத்திய எபெரார்தோ பவேசி பார்த்துக்கொண்டிருந்தார். உடனே ஒப்பந்தம்.

சக்கரத்தைத் திருப்பிப் போடும் கலை

பிந்தா ஏன் இவ்வளவு தூரம் முந்தினார் என்பதற்கு அன்றைய சைக்கிளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

இன்றைய கியர் சைக்கிளில் விரலைத் தட்டினால் செயின் பல்சக்கரம் மாறிவிடும். பிந்தா காலத்துப் பந்தய வண்டியில் அது இல்லை. பின்சக்கர அச்சின் இந்தப் பக்கம் ஒரு பல்சக்கரம், அந்தப் பக்கம் இன்னொன்று. சின்னது சமவெளிக்கு, பெரியது ஏற்றத்துக்கு. மலையடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். விங் நட் இரண்டையும் தளர்த்த வேண்டும். குளிரில் விரல் மரத்திருந்தால் அதுவே ஒரு பாடு. செயினைத் தூக்கி, சக்கரத்தை உருவி, இடம் வலமாகத் திருப்பி மாட்டி, செயின் தொய்வு பார்த்து, நட்டை இறுக்கி, ஏறி உட்கார்ந்து மிதிக்க வேண்டும். தோளில் எட்டு வடிவில் சுற்றிய உபரி டயர் வேறு ஆடிக்கொண்டிருக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பந்தயமே இருந்தது.

1. சீக்கிரம் நிறுத்தினால் மீதிச் சமவெளியில் கால் சுழலும், வண்டி போகாது. மற்றவர்கள் ஓடிவிடுவார்கள்.

2. தாமதமாக நிறுத்தினால் ஏற்றத்தின் முதல் பகுதியைக் கடினமான பல்லில் இழுத்தே தொடை தளர்ந்துபோகும்.

3. நிறுத்தவே இல்லையென்றால் நேரம் மிச்சம். ஆனால் அதற்குக் கால் வேண்டும்.

பிந்தாவிடம் அந்தக் கால் இருந்தது. எல்லோரும் இறங்கி நிற்கும் இடத்தில் அவர் உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு போய்விடக்கூடியவர். உடம்பு ஆடாது, ஹேண்டில்பாரைப் பிடித்து மல்லுக்கட்ட மாட்டார். கிளம்பும்போது அவர் முதுகில் ஒரு கோப்பைப் பாலை வைத்தால் முடியும்போது ஒரு சொட்டு சிந்தியிருக்காது என்று பிரெஞ்சு வீரர் ரெனே வியெத்தோ சொன்னதாக இன்றும் சொல்வார்கள். மிகைதான், என்றாலும் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் அந்த மிகை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

ஐந்து ஆண்டு, நான்கு பட்டம்

1925: முதல் ஜிரோ, வயது 22. எதிரே ஜிரார்தெங்கோ. அதற்குள் இரண்டு ஜிரோ வென்றிருந்தவர், இத்தாலியர்கள் 'காம்பியோனிஸ்ஸிமோ', அதாவது சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன், என்று முதன்முதலில் அழைத்த மனிதர். ஜிரார்தெங்கோ 6 கட்டங்களை வென்றார், பிந்தா ஒன்றே ஒன்று. பட்டம் பிந்தாவுக்கு, கிட்டத்தட்ட 5 நிமிட வித்தியாசத்தில். மேலே சொன்ன நேரக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது. ரசிகர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரான்ஸிலிருந்து வந்த பையன் தங்கள் நாயகனைக் கீழே இறக்கிவிட்டான் என்ற கசப்பு நெடுநாள் இருந்தது.

1926: முதல் கட்டத்திலேயே விழுந்து நேரத்தை இழந்தார். அணித் தோழர் ஜொவான்னி ப்ரூனேரோவுக்கு உழைத்து அவரை ஜெயிக்கவைத்தார். உழைத்துக்கொண்டே 6 கட்டங்களை வென்று தானும் இரண்டாவதாக வந்தார். அதே ஆண்டு லொம்பார்டியாவில் இரண்டாவது ஆள் வந்து சேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆயிற்று. ஒருநாள் பந்தயத்தில் அரை மணி நேரம்!

1927: 15 கட்டங்களில் 12 பிந்தாவுக்கு. இரண்டாமிடம் ப்ரூனேரோ, 27 நிமிடத்துக்கு மேல் பின்னால். பொகாச்சாரின் 6 கட்டங்களை 21 கட்டப் பந்தயத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு இதைப் பாருங்கள்.

1928: மீண்டும் பட்டம், 6 கட்டங்கள்.

1929: இரண்டாம் கட்டம் முதல் ஒன்பதாம் கட்டம் வரை, தொடர்ந்து 8 நாள் வெற்றி. நான்காவது பட்டம். மொத்த நேரத்தில் வித்தியாசம் 4 நிமிடத்துக்கும் குறைவுதான், ஆனால் அதை யார் கவனித்தார்கள்? தினமும் காலையில் அதே பெயர். ஜெயித்தவரைப் பார்த்துக் கூட்டம் சீழ்க்கையடித்துக் கேலி செய்தது.

1930: கணக்கு எப்படிப் போட்டார்கள்?

கஸ்ஸெட்டாவின் ஆசிரியர் எமிலியோ கொலம்போ. பந்தயத்தை ஆரம்பத்திலிருந்து நடத்திவந்தவர் அர்மாந்தோ கூன்யே. யானை புகுந்த வயல் மாதிரி ஆகிவிட்டது அவர்கள் நிலை. யானை தின்பது கொஞ்சம்தான். மிதிபட்டு வீணாவதுதான் அதிகம். அந்தச் சேதத்தை இப்படிப் பிரிக்கலாம்:

1. வாசகர்: முடிவு தெரிந்த பந்தயத்தின் செய்தியை யாரும் ஆவலோடு வாங்க மாட்டார்கள். மே மாதப் பத்திரிகை விற்பனைக்காகத்தான் பந்தயமே.

2. மற்றத் தொழிற்சாலைகள்: ஜெயிக்க வழியில்லை என்றால் அணி அனுப்பச் செலவழிப்பது வீண். அணிகள் குறைந்தால் பந்தயம் மெலியும். 1924-ன் அனுபவம் மறந்திருக்காது.

3. மற்ற வீரர்கள்: இரண்டாமிடத்துக்காக மட்டும் ஓட்டத் தொடங்கிவிட்டால் யாரும் துணிந்து முன்னே பாய மாட்டார்கள். பிந்தாவின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம் என்றாகிவிடும். பந்தயம் இன்னும் சலிக்கும்.

விதியை மாற்றிப் பிந்தாவைத் தடுக்க முடியாது; அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மிஞ்சியது ஒரே வழி. முதல் பரிசுக்கு ஈடான 22,500 லிராவைக் கொடுத்து, இந்த முறை வேண்டாம் என்றார்கள். பிந்தா ஒத்துக்கொண்டார்.

அந்தத் தொகையின் கனம் தெரிய ஓர் ஒப்பீடு. மாதம் ஆயிரம் லிரா சம்பளம் இருந்தால் போதும், வாழ்க்கை சொர்க்கம் என்று பாடும் இத்தாலியப் பாட்டு ஒன்று 1930-களின் கடைசியில் வந்தது. நடுத்தர வர்க்கத்தின் கனவுச் சம்பளம் அது. அந்தக் கனவின் இரண்டு ஆண்டு வருமானத்துக்குக் கிட்டே வருகிறது, பிந்தா ஓட்டாமலே வாங்கியது.

இப்போது மேட்ச் ஃபிக்ஸிங் கேள்விக்கு வரலாம். ஓட்டிக்கொண்டே வேண்டுமென்று தோற்க ஒருவருக்குப் பணம் கொடுத்தால் அது மோசடி. பார்ப்பவர் ஏமாற்றப்படுகிறார். பிந்தா தொடக்கக் கோட்டிலேயே இல்லை. ஓடிய பந்தயத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மரியாதை என்பதும் சரியாகாது. மரியாதை செய்பவர் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப மாட்டார். என் பார்வையில் இது நஷ்ட ஈட்டின் இன்னொரு வடிவம். கடையில் ஒரு பொருள் மற்றப் பொருள்களின் விற்பனையைக் கெடுக்கிறது என்றால் கடைக்காரர் அதை ஒரு பருவம் அலமாரியிலிருந்து எடுத்துவைப்பார். பொருளுக்கு உரியவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான்.

பலித்ததா? 1930 ஜிரோ சிசிலியின் மெஸ்ஸீனாவில் தொடங்கியது. 21 வயது லூயிஜி மார்கிசியோ வென்றார். இரண்டாமவரைவிட ஒரு நிமிடம்கூட முந்தவில்லை. இந்த இழுபறியைத்தான் கஸ்ஸெட்டா காசு கொடுத்து வாங்கியது. வேடிக்கை என்னவென்றால் மார்கிசியோவும் லெஞ்ஞானோ அணிதான். பிந்தா இல்லாமலும் அதே தொழிற்சாலைக்கே வெற்றி.

அதே ஆண்டு பாரிஸில் வேறு மருந்து

டூர் டி பிரான்ஸையும் நடத்தியது ஒரு பத்திரிகைதான், பெயர் லோட்டோ. அதன் தலைவர் ஆன்ரி தெக்ராஞ்சுக்கும் இதே வயிற்றுவலி. 1929 டூரை மொரிஸ் தெ வேல என்ற பெல்ஜிய வீரர் நோயோடு வென்றார்; அல்சியோன் அணித் தோழர்கள் சூழ்ந்து காத்து, கிட்டத்தட்ட ஏந்திக்கொண்டு வந்து சேர்த்தார்கள். தன் பந்தயத்தை ஒரு பிணம் ஜெயித்துவிட்டது என்று தெக்ராஞ்ச் கொதித்தார்.

அவர் வீரரைத் தொடவில்லை, தொழிற்சாலையைத் தூக்கினார். 1930 முதல் டூரில் கம்பெனி அணி கிடையாது, நாட்டு அணிதான். வண்டிகூடப் பெயரில்லாத மஞ்சள் வண்டி, அவரே கொடுப்பது. கம்பெனிக் காசு போனதை ஈடுகட்ட, பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகள் ஊர்வலம் போக இடம் விற்றார். சாக்லேட் கம்பெனி முதல் ஆளாக வந்தது. இன்றும் டூரில் அந்த ஊர்வலம் போகிறது. இரண்டு பத்திரிகைகள், ஒரே நோய், ஒரே ஆண்டு. மிலான் ஓர் ஆளை ஓர் ஆண்டுக்கு விலைக்கு வாங்கியது, பாரிஸ் அமைப்பையே மாற்றியது. எது நீடித்த வைத்தியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஜிரோ இல்லாததால் காலியாக இருந்த பிந்தா அந்த டூருக்குப் போனார். ஏழாம் கட்டத்தில், போர்தோவிலிருந்து ஹென்டாய் போகும் வழியில் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்தார். பட்டக் கனவு அங்கேயே முடிந்தது. மறுநாள் போ நகரில் முதலிடம், அதற்கு மறுநாள் பிரெனே மலைகளைத் தாண்டி லூஷோனில் முதலிடம். பத்தாம் கட்டத்தில் விலகிவிட்டார். டூரை அவர் வென்றதே இல்லை. அவருடைய வெற்றிப் பட்டியலில் உள்ள பெரிய ஓட்டை அது.

உலகச் சாம்பியனின் வானவில் ஜெர்சியும் புடாபெஸ்ட் அசிங்கமும்

தொழில்முறை வீரர்களுக்கான உலகச் சாலைப் பந்தயம் முதன்முதலில் 1927 ஜூலை 21 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்தது. அந்த ஆண்டு திறந்த கார்ப்பந்தயப் பாதை, மேடும் பள்ளமும். பிந்தா முதலிடம், ஜிரார்தெங்கோ 7 நிமிடத்துக்கு மேல் கழித்து இரண்டாமிடம். மூன்றும் நான்கும்கூட இத்தாலியர்களே.

மறு ஆண்டு புடாபெஸ்ட். இத்தாலிக்கு இரண்டு தலைகள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பிந்தா பாய்ந்தால் ஜிரார்தெங்கோ ஒட்டுவார், ஜிரார்தெங்கோ பாய்ந்தால் பிந்தா ஒட்டுவார். இவர் ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் ஜெயிக்கக்கூடாது. பெல்ஜியத்தின் ஜோர்ஜ் ரோன்ஸ் நிம்மதியாகப் போய்விட்டார். இருவரும் பாதியில் வண்டியை நிறுத்தினார்கள். இத்தாலியச் சம்மேளனம் இருவருக்கும் தடை விதித்தது. பிந்தாவின் வாழ்க்கையில் முகம் சுளிக்க வைக்கும் நாள் என்றால் இதுதான். 22,500 லிரா அல்ல.

1930-ல் லியேஜிலும் 1932-ல் ரோமிலும் மீண்டும் உலகப் பட்டம். மூன்று முறை வென்றவர்கள் அதற்குப் பிறகும் சிலரே: வான் ஸ்டீன்பெர்கன், மெர்க்ஸ், ஃப்ரேய்ரே, சகான்.

குவெர்ராவும் இளஞ்சிவப்பு ஜெர்சியும்

1931-ல் மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்குப் பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே இளஞ்சிவப்பு ஜெர்சி என்று அறிவித்தார்கள். முதலில் அணிந்தவர் பிந்தா அல்ல, லெயார்கோ குவெர்ரா. மாந்துவா வட்டாரத்துக்காரர், 'மனித எஞ்சின்' என்று பெயர், முரட்டு வேகம், எளிதில் சிரிப்பவர். கணக்குப் போட்டு ஓட்டும் பிந்தாவைவிட அவரைத்தான் கூட்டம் கொண்டாடியது. முசோலினி அரசுக்கும் குவெர்ராவின் பிம்பமே உவப்பாக இருந்தது. பிந்தாவுக்கு எதிராள் இல்லை என்று பணம் கொடுத்து அனுப்பிய அடுத்த ஆண்டே எதிராள் முளைத்துவிட்டார் பாருங்கள்.

1931 ஜிரோவில் பிந்தா 2 கட்டங்களை வென்று, விழுந்து, விலகினார். 1932-ல் தோழர் அந்தோனியோ பெசெந்திக்கு உழைத்தார். இனி முடிந்தது என்று எழுதியவர்களுக்கு 1933-ல் பதில் வந்தது: 6 கட்டங்கள், ஐந்தாவது பட்டம். அந்த ஆண்டுதான் ஜிரோவில் மலையேற்றங்களில் முந்துபவருக்கான மலையரசர் பட்டமும், ஒவ்வொருவராகத் தனித்தனியே கடிகாரத்தோடு ஓடும் கட்டமும் அறிமுகமாயின. இரண்டும் பிந்தாவுக்கே. பின்னால் ஃபவுஸ்தோ கோப்பியும் எடி மெர்க்ஸும் ஐந்தை எட்டினார்கள்.

1936 மிலான்–சான் ரெமோவில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஓட்டம் நின்றது. அந்த மே மாதம் ஜீனோ பர்தாலி தன் முதல் ஜிரோவை வென்றார்.

மேலாளர் பிந்தா

போருக்குப் பிறகு பிந்தா தேசிய அணியின் மேலாளர். அவர் கைக்கு வந்த இருவர், பர்தாலியும் கோப்பியும். நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற பகை. 1948 உலகப் பந்தயத்தில், வால்கன்பர்க்கில், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பின்தங்கிப் பாதியில் இறங்கினார்கள். சம்மேளனம் தடை விதித்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய புடாபெஸ்ட் அப்படியே திரும்ப அரங்கேறியது. அந்த வியாதி உள்ளே எப்படியிருக்கும் என்று இத்தாலியில் இருவருக்குத்தான் தெரியும், அவர்களில் ஒருவர் பிந்தா.

அது உதவியது. 1949 டூரில் சான் மாலோ போகும் கட்டத்தில் கோப்பி விழுந்தார், வண்டி நொறுங்கியது. மாற்று வண்டியோடு வரவேண்டிய மேலாளர் கார் பின்னால் தங்கிவிட்டது. அணி உதவியாளர் கொடுத்த வண்டியைக் கோப்பி வாங்கவில்லை. பிந்தா வேண்டுமென்றே பர்தாலியோடு இருந்துவிட்டார் என்ற சந்தேகம். வீட்டுக்குப் போகிறேன் என்றார். பிந்தா அவரைப் பேசிப் பேசி ஓட்டவைத்தார். மொத்தக் கணக்கில் அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்த கோப்பி அந்த டூரை வென்றார், பர்தாலி இரண்டாமிடம். பிந்தாவின் கீழ் இத்தாலி 1948, 1949, 1952, 1960 டூர்களை வென்றது. தான் ஜெயிக்காத பந்தயத்தை நான்கு முறை பிறர் காலால் ஜெயித்தவர்.

1986-ல் சித்தீலியோவிலேயே காலமானார். அவர் பெயரில் அங்கே இப்போது ஆண்டுதோறும் நடப்பது பெண்களின் பந்தயம்.

41 என்ற எண்

ஜிரோவில் பிந்தா வென்ற கட்டங்களை ஆண்டுவாரியாக எழுதினால்: 1925-ல் 1, 1926-ல் 6, 1927-ல் 12, 1928-ல் 6, 1929-ல் 8, 1931-ல் 2, 1932-ல் இல்லை, 1933-ல் 6. கூட்டினால் 41. எழுபது ஆண்டு யாரும் இதைத் தாண்டவில்லை. 2003-ல் மாரியோ சிப்போலினி தாண்டினார். கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து வெல்வதே தொழிலாகக் கொண்டவர், மொத்த நேரப் பட்டத்தின் பக்கமே போகாதவர். அவருடைய கணக்கு 42-ல் நின்றது.

மேலேயுள்ள வரிசையில் 1930 கிடையாது.